அதே ஆட்கள், அதே யூனியன், வேறு தொழிற்சாலை: நும்மி நிகழ்வு ஆய்வு

அமெரிக்கக் கார் துறையிலேயே மோசமான தொழிலாளர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று 1980களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) அதிகாரிகளைக் கேட்டிருந்தால், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் ஆலையைத்தான் கைகாட்டியிருப்பார்கள். முதலாளி தரப்பு அப்படித்தான் பேசும் என்று விட்டுவிட முடியாது. யூஏடபிள்யூ என்ற கார் தொழிலாளர் சங்கத்தின் மேற்குப் பிராந்தியத் தலைவராக இருந்த புரூஸ் லீ, தன் சொந்த உறுப்பினர்களைப் பற்றியே கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார்.

சொல்லக் காரணம் இருந்தது. எந்த நாளை எடுத்தாலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். திங்கட்கிழமை காலையில், கார்கள் நகர்ந்துகொண்டே உருவாகும் லைனை ஓட்டவே ஆள் போதாமல் போகும். முன்னறிவிப்பு இல்லாமல் திடீர் திடீரென்று வேலைநிறுத்தம் வெடிக்கும். தீர்க்கப்படாத புகார் மனுக்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. ஷிஃப்ட் நேரத்திலேயே குடியும் சூதாட்டமும் நடந்தன. கோபம் வந்தால் கதவுப் பலகைக்குள் காலி சோடா பாட்டிலைப் போட்டு மூடிவிடுவார்கள். வாங்குகிறவர் வண்டி ஓட்டும்போதெல்லாம் கடகடவென்று கேட்கும், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. ஒரு மாடலின் முன்பக்கமும் இன்னொரு மாடலின் பின்பக்கமும் சேர்ந்த கார்கள்கூட லைனில் வந்ததாகப் பழைய தொழிலாளர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

1982-இல் ஜிஎம் அந்த ஆலையை மூடியது. 1984 டிசம்பரில் அதே கட்டடத்திலிருந்து மறுபடி கார் வெளியே வரத் தொடங்கியது. இப்போது பெயர் நும்மி; ஜிஎம்மும் டொயோட்டாவும் சேர்ந்து தொடங்கிய கூட்டு நிறுவனம். வேலைக்கு எடுக்கப்பட்ட தொழிலாளர்களில் 85 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பழைய ஃப்ரீமாண்ட் ஆட்கள். யூனியனும் அதேதான், பழைய யூனியன் தலைவர்களும் உள்ளே இருந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் ஜிஎம்மின் எல்லா ஆலைகளையும்விட அதிக உற்பத்தித்திறன் கொண்ட ஆலை என்ற இடத்துக்கு அது வந்துவிட்டது. வேலைக்கு வராதவர்களின் அளவு 3, 4 சதவீதத்துக்கு இறங்கியது.

ஒரு நிறுவனம் தேறும்போது பொதுவாக எல்லாமே ஒன்றாக மாறும்: புது இயந்திரம், புது ஆட்கள், புது இடம், புது சந்தை. எது எதனால் என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஃப்ரீமாண்டில் பெரும்பாலானவை அப்படியே இருந்தன. வேலையிடத்தில் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதம் எதனால் அமைகிறது, அது நிறுவனத்தின் திறனை எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது என்று கேட்பவர்கள் நாற்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப இந்த ஆலைக்கே வருவது அதனால்தான்.

லைன் நிற்கக் கூடாது

பழைய ஆலையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. என்ன ஆனாலும் லைன் நிற்கக் கூடாது. யாராவது மயங்கி விழுந்தாலும் ஆளை நகர்த்திவிட்டு ஓட்ட வேண்டும் என்கிற அளவுக்கு. ஷிஃப்ட் முடியும்போது எத்தனை கார் என்பதுதான் ஃபோர்மேனுக்கும் அவருக்கு மேலே இருந்தவருக்கும் கேட்கப்பட்ட கேள்வி. எத்தனை நல்ல கார் என்பது வேறு ஒருவரின் தலைவலி.

இந்த ஒரு சட்டத்திலிருந்து மற்றதெல்லாம் எப்படிக் கிளைத்தது என்று பாருங்கள். ஒரு தொழிலாளி இருக்கையை மாட்டுகிறார். போல்ட் மரையில் கோணலாக ஏறிவிடுகிறது. அவருக்கு ஒரு நிமிடம்தான். அடுத்த கார் வந்துகொண்டிருக்கிறது. லைனை நிறுத்தினால் வேலை போகும். ஃபோர்மேனைக் கூப்பிட்டால் திட்டு விழும், ஏனென்றால் ஃபோர்மேனாலும் நிறுத்த முடியாது. அதனால் அவர் புத்திசாலித்தனமான காரியத்தைச் செய்கிறார்: பேசாமல் விட்டுவிடுகிறார். கார் நகர்கிறது. அடுத்தவர் அதன்மேல் இன்னொரு பாகத்தை மாட்டுகிறார். கடைசியில் பழுதுபார்க்கும் முற்றத்தில் இன்னொரு ஆள் எல்லாவற்றையும் கழற்றி அந்த ஒரு போல்ட்டைச் சரிசெய்ய வேண்டும். அங்கும் கண்ணில் படவில்லை என்றால் வாங்கியவர் பாடு.

இதையே தினமும் செய்கிற ஒருவருக்குத் தன் வேலையைப் பற்றி என்ன எண்ணம் வரும்? தான் செய்வது தவறு என்று அவருக்குத் தெரியும். மேலே இருப்பவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் கண்டுகொள்ளவில்லை என்பதும் தெரியும். சோடா பாட்டில் அங்கிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு. அந்த ஆட்களின் குணக்கேடு என்று அதை ஒதுக்கிவிட்டால் பிறகு நடந்த எதையும் விளக்க முடியாது.

நிர்வாகம் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது, யூனியன் புகார் மனு போட்டது. மனுக்கள் குவிந்ததும் இரு தரப்பும் உட்கார்ந்து மொத்தமாகப் பேரம் பேசித் தள்ளுபடி செய்துகொண்டார்கள். இந்தச் சண்டையில் யூனியனின் ஆயுதம் வேலை வகைப்பாடு. பழைய ஆலையில் உற்பத்தித் தொழிலாளர்களை மட்டும் 80 வகையாகப் பிரித்திருந்தார்கள். ‘அது என் வேலை இல்லை’ என்று சொல்ல ஒவ்வொருவருக்கும் ஒப்பந்தத்திலேயே இடம் இருந்தது. நிர்வாகத்தை நம்ப முடியாத இடத்தில் அது தேவைப்பட்ட பாதுகாப்பு என்பதையும் மறக்கக் கூடாது.

யாருக்கு என்ன தேவைப்பட்டது

1973, 1979 எண்ணெய் நெருக்கடிகளுக்குப் பிறகு அமெரிக்கர்கள் சின்னக் கார்களை, குறிப்பாக ஜப்பான் கார்களை வாங்கத் தொடங்கினார்கள். 1981-இல் ஜப்பான் தன் கார் ஏற்றுமதிக்குத் தானே வரம்பு போட்டுக்கொள்ள வேண்டிய நிலை வந்தது. அமெரிக்காவிலேயே கார் செய்தாக வேண்டும் என்பது டொயோட்டாவுக்குப் புரிந்தது. ஆனால் அமெரிக்கத் தொழிலாளர்களோடும் அங்குள்ள உதிரிபாக உற்பத்தியாளர்களோடும் தன் முறை எடுபடுமா என்ற பயம் இருந்தது. ஜிஎம்முக்கோ லாபத்தோடு சின்னக் கார் செய்யத் தெரியவில்லை. மூடிக் கிடந்த ஆலை ஒன்று கையில் இருந்தது. 1983 பிப்ரவரியில் ஜிஎம் தலைவர் ரோஜர் ஸ்மித்தும் டொயோட்டாவின் எய்ஜி டொயோடாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஜிஎம் கட்டடத்தைக் கொடுத்தது, டொயோட்டா 10 கோடி டாலர் போட்டது. ஆலையை நடத்தும் பொறுப்பு டொயோட்டாவுடையது. முதல் தலைவராக டட்சுரோ டொயோடா வந்தார்.

பழைய ஆட்களை எடுப்பதில் டொயோட்டாவுக்குத் தயக்கம் இருந்தது; யாருக்குத்தான் இருக்காது. அமெரிக்காவின் முன்னாள் தொழிலாளர் துறைச் செயலர் வில்லியம் அசெரியை நடுவில் வைத்து யூனியனோடு பேச்சு நடந்தது. பழைய ஃப்ரீமாண்ட் தொழிலாளர்களுக்கு முன்னுரிமை, யூனியனுக்கு அங்கீகாரம், யூனியன் நிர்ணயித்த அளவிலேயே சம்பளம். பதிலுக்கு வேலை வகைப்பாடுகளைச் சுருக்க யூனியன் ஒத்துக்கொண்டது. உற்பத்தியில் 80 வகைகள் ஒன்றாயின. திறன்மிகு தொழில்களில் 18 வகைகள் இரண்டாயின.

டகாவோகாவில் மூன்று வாரம்

டீம் லீடர்களாகவும் குரூப் லீடர்களாகவும் வரப்போகிற சுமார் 450 பேரை டொயோட்டா ஜப்பானுக்கு அழைத்துச் சென்றது. டொயோட்டா நகரத்தில் உள்ள டகாவோகா ஆலையில், கரோலா கார் லைனில், ஜப்பானியத் தொழிலாளி ஒருவரின் பக்கத்தில் நின்று வேலை செய்ய வேண்டும். வகுப்பறைப் பாடம் கொஞ்சம்தான். இந்தப் பயிற்சியை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர் ஜான் ஷூக், டொயோட்டாவின் தலைமையகம் அப்போது வேலைக்கு எடுத்த அமெரிக்கர். பின்னாளில் 2010-இல் அவர் இதைப் பற்றி எழுதியபோது, ஆட்களின் மனப்பான்மையை மாற்ற அங்கே யாரும் முயலவில்லை, செய்யும் செயலைத்தான் மாற்றினார்கள் என்று விளக்கினார். மனப்பான்மை பின்னாலேயே வந்து சேர்ந்ததாம். மூன்று வாரம் கழித்துப் பிரியும்போது கட்டிப்பிடித்து அழுதவர்கள் உண்டு என்று போய்வந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஃப்ரீமாண்டில் ஃபோர்மேனோடு முறைத்துக்கொண்டு திரிந்தவர்கள்தான் இவர்களும்.

அழ வைத்தது எது? ஜப்பானிய விருந்தோம்பல் ஒரு பங்கு இருக்கலாம். அவர்கள் சொன்னவற்றில் அடிக்கடி வருவது வேறு: லைன் ஓரமாக ஓடும் அந்தக் கயிறு.

‘ஆண்டான்’ என்ற ஜப்பானியப் பெயருடைய அந்தக் கயிறு என்றால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: லைன் நெடுக, தலைக்கு மேலே, கை எட்டும் உயரத்தில் ஒரு கயிறு ஓடும். அதே கோணல் போல்ட்டை எடுத்துக்கொள்வோம். தொழிலாளி கயிற்றை இழுக்கிறார். மேலே பலகையில் அந்த இடத்தின் எண் மஞ்சளாக எரிகிறது, ஒரு இசைத்துணுக்கு ஒலிக்கிறது. லைன் உடனே நின்றுவிடாது. அந்தக் கார் அவருடைய எல்லைக்கோட்டை அடையும்வரை ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் டீம் லீடர் வந்து சேர்ந்துவிடுவார். இருவரும் பார்க்கிறார்கள். சரியாகிவிட்டால் இன்னொரு முறை இழுத்து விளக்கை அணைக்கிறார்கள். லைன் நிற்கவே இல்லை. சரியாகாவிட்டால் எல்லைக்கோட்டில் லைன் தானே நிற்கும்.

இயந்திர ஏற்பாடு இவ்வளவுதான். கயிறு, விளக்கு, ஒலி. எந்த எலெக்ட்ரீஷியனும் ஒரு வாரத்தில் மாட்டிவிடுவார். உயிர் இருப்பது டீம் லீடர் வந்து நிற்கும் அந்தச் சில விநாடிகளில். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ‘என்னய்யா பண்ணித் தொலைச்சே?’ என்று கேட்டால், அந்தத் தொழிலாளி மறுநாள் இழுக்க மாட்டார். பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து ஆளும் இழுக்க மாட்டார். ‘என்ன பிரச்சினை, எப்படி உதவலாம்?’ என்று கேட்டால் கயிறு பிழைத்துக்கொள்ளும். நும்மியில் அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் அப்படித்தான் கேட்கப்பட வேண்டும் என்பதில் டொயோட்டா விட்டுக்கொடுக்கவே இல்லை. ஐந்தாறு பேருக்கு ஒரு டீம் லீடர் என்று வைத்ததன் காரணமும் இதுதான். நாற்பது பேருக்கு ஒரு சூப்பர்வைசர் என்றால், அவர் தங்கமானவராகவே இருந்தாலும் கயிறு இழுத்த இடத்துக்கு நேரத்தில் வந்து சேர முடியாது. பல நிறுவனங்களில் ‘எங்களிடம் தயங்காமல் சொல்லுங்கள்’ என்று போஸ்டர் ஒட்டுவார்கள். சொன்னால் வந்து பார்க்க ஆள் போட்டிருக்கிறார்களா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்கள் என்று கருதப்பட்டவற்றில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை. நடந்ததை வெளியே சொன்னார்கள். ஃப்ரீமாண்டின் இரண்டு காலங்களையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். பழைய ஆலையின் லைன் ரெக்கார்டு சுத்தமாக இருந்தது, ஏனென்றால் அது நிற்கவே இல்லை. நும்மியின் லைனில் விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன.

ஸ்டாப்வாட்ச் யார் கையில்

நும்மியை 1990களின் தொடக்கத்தில் நெருங்கி ஆராய்ந்தவர் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பால் ஆட்லர். நும்மியைப் பற்றிப் பலரும் சொல்லும் அழகான கதையை அவர் கொஞ்சம் கலைத்துப்போட்டார். தொழிலாளர்களுக்குச் சுதந்திரம் கொடுத்தார்கள், அவர்கள் மலர்ந்தார்கள் என்பது அந்தக் கதை. ஆட்லர் பார்த்த ஆலையில் ஒவ்வொரு கை அசைவும் எழுதி வைக்கப்பட்டிருந்தது. எந்தக் கையால் எடுப்பது, எத்தனை விநாடி, எந்த வரிசை, எல்லாம். நூறு ஆண்டுகளாகத் தொழிலாளர்கள் வெறுத்துவந்த நேர அளவீட்டு முறையேதான்.

ஒரே ஒரு வித்தியாசம், ஸ்டாப்வாட்ச் தொழிலாளர்களின் கையில் இருந்தது. பழைய ஆலையில் தொழிற்பொறியாளர் ஒருவர் வந்து பின்னால் நின்று நேரம் குறிப்பார். அவர் வரும்போது மெதுவாக வேலை செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் போனதும் சொந்தக் குறுக்குவழிக்குத் திரும்பி, மிச்சமாகும் நேரத்தில் ஒரு சிகரெட். அந்தக் குறுக்குவழி ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறும், ரகசியமாகவே இருக்கும். நும்மியில் டீம் ஆட்களே ஒருவரையொருவர் அளந்து, எது பாதுகாப்பானது, எது சுலபம் என்று பேசி, எழுதி வைத்தார்கள். அடுத்த ஷிஃப்டின் டீமும் அதையே பின்பற்றும். அதைவிட நல்ல வழி தோன்றினால் சொல்லி மாற்றலாம். 1986-இல் யோசனைத் திட்டத்தில் பங்கெடுத்தவர்கள் 26 சதவீதம். 1991-இல் 92 சதவீதம். அந்த ஒரு ஆண்டில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்ட யோசனைகள் வந்தன, ஐந்தில் நான்குக்கு மேல் நடைமுறைக்கு வந்தன.

மனித அறிவு அதே அளவுதான் இருந்தது. முன்பு அதைக் கொண்டு வேலையிலிருந்து தப்பித்தார்கள், பிறகு அதே அறிவு வேலைக்குள் வந்தது. கேன்டீன் எல்லோருக்கும் ஒன்று, மேலாளர்களுக்குத் தனி பார்க்கிங் கிடையாது என்பன போன்ற ஏற்பாடுகளும் இருந்தன. இவற்றைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுகள்தான், ஆனால் ஸ்டாப்வாட்ச் கை மாறியதோடு ஒப்பிட்டால் சில்லறை என்பேன்.

எண்கள்

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் சர்வதேசக் கார் ஆய்வில் ஜான் க்ராஃப்சிக் ஆலைகளை ஒப்பிட்டார். இவர் முன்பு நும்மியிலேயே பொறியாளராக வேலை செய்தவர். 1986-87 நிலவரப்படி ஒரு காரை அசெம்பிளி செய்ய ஜிஎம்மின் ஃப்ராமிங்ஹாம் ஆலைக்கு 31 மணி நேர உழைப்பு தேவைப்பட்டது. டகாவோகாவுக்கு 16, நும்மிக்கு 19. குறைபாடுகளில் நும்மி டகாவோகாவுக்கு இணையாக, நூறு காருக்கு 45 என்ற அளவில் நின்றது. ஃப்ராமிங்ஹாமில் அது 130-க்குக் குறையவில்லை. பழைய ஃப்ரீமாண்டோடு ஒப்பிட்டால் உற்பத்தித்திறன் இரண்டு மடங்குக்கு மேல்.

இயந்திரம் காரணமா? புது ஸ்டாம்பிங் பிரிவு கட்டப்பட்டது, வெல்டிங்கில் ரோபோக்கள் இருந்தன, உண்மைதான். ஆனால் அதே காலத்தில் ஜிஎம் மற்ற ஆலைகளில் தானியங்கிமயத்துக்கு ஆயிரக்கணக்கான கோடி டாலர்களைக் கொட்டிக்கொண்டிருந்தது. 1985-இல் திறந்த டெட்ராய்ட்-ஹாம்ட்ராம்க் ஆலையில் ரோபோக்கள் காருக்குப் பதிலாக ஒன்றுக்கொன்று பெயின்ட் அடித்துக்கொண்ட செய்திகள் பத்திரிகைகளில் வந்தன. தொழில்நுட்பத்தில் நும்மி நடுத்தரம்தான்.

ஆள் தேர்வு காரணமா? மூன்று நாள் தேர்வு நடந்தது, சிலர் கழிந்திருப்பார்கள். விண்ணப்பிக்காதவர்களும் இருந்தார்கள். ஆனாலும் பழைய யூனியனின் முரட்டுத் தலைவர்களே உள்ளே வந்திருக்கும்போது, பொறுக்கியெடுத்த நல்ல பிள்ளைகளால் நடந்த அதிசயம் என்று சொல்வது எடுபடாது.

பயம் காரணமா? இதைச் சுலபமாகத் தள்ள முடியாது. இரண்டு ஆண்டுக்கும் மேல் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தவர்கள் இவர்கள். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் கழுத்தை நெரித்த காலம். கிடைத்த வேலையைக் காப்பாற்றிக்கொள்ள எதையும் செய்யத் தயாராகத்தான் வந்திருப்பார்கள். முதல் ஆண்டின் சுறுசுறுப்புக்கு இது போதுமான விளக்கம். ஆறாவது, ஏழாவது ஆண்டில் யோசனைத் திட்டத்தில் 92 சதவீதம் பேர் கலந்துகொண்டதை இது விளக்காது. பயந்தவர்கள் உழைப்பார்கள், நிமிடத்தை மிச்சப்படுத்தும் வழியை மேலிடத்தில் போய்ச் சொல்ல மாட்டார்கள். அந்த மிச்சத்தை வைத்து நாளை நம்மில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால்?

1988

அந்தக் கேள்விக்கான பதில் ஒப்பந்தத்தில் இருந்தது. 1985-இல் யூனியனோடு போட்ட ஒப்பந்தத்தில் நிறுவனம் எழுதிக் கொடுத்திருந்தது: நிறுவனத்தின் நீண்டகால இருப்புக்கே ஆபத்து என்ற நிலை வந்தாலொழிய ஆட்குறைப்பு கிடையாது, அப்படி வந்தாலும் முதலில் மேலாளர்களின் சம்பளத்தைக் குறைப்போம், வெளியே கொடுத்த வேலைகளை உள்ளே கொண்டுவருவோம், அப்புறம்தான் ஆட்கள்.

எழுதிக் கொடுப்பது யாராலும் முடியும். ஆலை செய்துகொண்டிருந்த ஷெவர்லே நோவா கார் சந்தையில் படுத்துவிட்டது. 1988 வாக்கில் ஆலையின் திறனில் 60 சதவீதம்கூடப் பயன்படவில்லை. அமெரிக்கக் கார் துறையின் வழக்கப்படி இது நூற்றுக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பும் நேரம். நும்மி யாரையும் அனுப்பவில்லை. லைனில் தேவைப்படாதவர்களைப் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் வேலை முறையைத் தொடர்ந்து மேம்படுத்தும் கைசன் குழுக்களுக்கும் அனுப்பிச் சம்பளம் கொடுத்தது. யோசனைத் திட்டத்தின் வளர்ச்சியைப் புரிந்துகொள்ள, பயிற்சி வகுப்புகளைவிட இந்த ஒரு முடிவைத்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மறுபக்கம்

எல்லாம் நன்றாக இருந்தது என்று முடித்தால் அது கம்பெனி விளம்பரம் ஆகிவிடும். நிமிடத்தில் 45 விநாடி வேலை செய்த இடத்தில் ஏறக்குறைய 57 விநாடி வேலை செய்ய வேண்டியிருந்தது. தொழிற்சங்க விமர்சகர்கள் இதை அழுத்தத்தின் மூலம் நடத்தும் நிர்வாகம் என்றார்கள். லைனில் எங்கே விளக்கு எரியவில்லையோ அங்கே ஆளைக் குறை, வேகத்தைக் கூட்டு என்பதுதான் இதன் உள்தர்க்கம் என்பது அவர்கள் வாதம். யூனியனுக்குள்ளேயே நிர்வாகத்தோடு ஒத்துப்போகும் அணிக்கு எதிராக மக்கள் அணி என்று ஒன்று வலுவாக இருந்தது, தேர்தல்களில் வென்றும் இருக்கிறது. டீமில் ஒருவர் வராவிட்டால் அவர் வேலை மற்றவர்கள் தலையில் விழும். ஆப்சென்ட் குறைந்ததற்குச் சக ஆட்களின் முறைப்பும் ஒரு காரணம்.

1993 மாடல் அறிமுகமானபோது உடல் வலி, காயம் பற்றிய புகார்கள் கூடின. கலிஃபோர்னிய மாநிலத்தின் தொழில் பாதுகாப்பு அமைப்பு, வேலை உடலைப் பாதிக்கும் விதத்தைப் போதுமான அளவு கவனிக்கவில்லை என்று 1993 ஜனவரியில் நும்மிமீது நடவடிக்கை எடுத்தது. அதற்குப் பிறகு அடுத்த மாடல்களுக்கான திட்டமிடலில் இந்தக் கவனம் கூடியது. புகாரைக் கேட்கும் பழக்கம் உள்ள ஆலைக்கும் வெளியிலிருந்து ஒரு குட்டு தேவைப்பட்டது.

வான் நைஸ்

ஜிஎம் இதைக் கற்றுக்கொள்ளத்தான் கூட்டுச் சேர்ந்தது. தன் இளம் மேலாளர்கள் பதினாறு பேரை நும்மிக்கு அனுப்பியும் வைத்தது. கற்றதா?

ஃப்ரீமாண்டிலிருந்து தெற்கே சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி, லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வான் நைஸ் பகுதியில் ஜிஎம்முக்கு இன்னோர் ஆலை இருந்தது. கமாரோ, ஃபயர்பேர்ட் கார்கள் அங்கே உருவாயின. மூடப்படலாம் என்ற அச்சுறுத்தல் தலைக்கு மேல் தொங்கியது. 1987-இல் அங்கே டீம் முறையைக் கொண்டுவந்தார்கள். கயிறு மாட்டினார்கள். பயிற்சி கொடுத்தார்கள். தோற்றது.

தொழிலாளர்கள் பக்கம் காரணம் இருந்தது. பல ஆண்டு உழைத்துச் சம்பாதித்த சீனியாரிட்டி சலுகைகள், லைனை விட்டு வெளியே கிடைக்கும் சுலபமான வேலைகள், எல்லாம் டீம் முறையில் போய்விடும். பதிலுக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு எழுத்தில் எதுவும் உறுதியாக இல்லை. ஆளைக் குறைக்கும் தந்திரம் என்றே யூனியனில் ஒரு பெரும் பிரிவு பார்த்தது. மேலாளர்கள் பக்கம் காரணம் இன்னும் ஆழமானது. அவர்களின் போனஸ் அப்போதும் ஷிஃப்டுக்கு எத்தனை கார் என்பதோடுதான் கட்டப்பட்டிருந்தது. தொழிலாளி கயிற்றை இழுத்தால் மேலாளரின் சட்டைப்பையில் கை விழும். அந்த நிலையில் எந்த மனிதர் ஓடிவந்து ‘எப்படி உதவலாம்?’ என்று கேட்பார்?

ஒருவேளை கேட்டார் என்றே வைத்துக்கொள்வோம். பாகம் பொருந்தவில்லை என்று தெரிகிறது. நும்மி என்றால் உதிரிபாகம் அனுப்பியவருக்கு உடனே போன் போகும், அவர் ஆள் அனுப்பிச் சரிசெய்வார். வான் நைஸுக்குப் பாகம் அனுப்புவது ஜிஎம்மின் இன்னொரு பிரிவு. வடிவமைத்தவர் டெட்ராய்ட்டில் இருக்கிறார். ஓர் ஆலையின் புகாருக்காக வரைபடத்தை மாற்ற அவருக்கு எந்த அவசரமும் இல்லை. தொழிலாளி சொன்னது அங்கே முட்டிக்கொண்டு நின்றுவிடும். மூன்று முறை சொல்லி எதுவும் நடக்காதவர் நான்காவது முறை வாயைத் திறப்பாரா?

இந்தக் காலத்தைப் பற்றி ஜிஎம் ஆட்கள் பின்னர் சொன்ன கதை ஒன்று உண்டு. நும்மியின் ஒவ்வோர் அங்குலத்தையும் போட்டோ எடுத்து வாருங்கள், நம் ஆலையை அப்படியே ஆக்கிவிடலாம் என்று ஒரு மேலாளர் உத்தரவிட்டாராம். போட்டோவில் கயிறு விழுந்தது. டீம் லீடர் வந்து நின்ற விதம் விழவில்லை. 1992 ஆகஸ்ட்டில் வான் நைஸ் ஆலை மூடப்பட்டது.

ஜிஎம் ஒன்றுமே கற்கவில்லை என்று சொல்வதும் நியாயமில்லை. 1992-இல் ஜெர்மனியின் ஐஸனாக்கில் ஓப்பல் ஆலையைத் திறந்தபோது, நும்மியில் பயின்றவர்களை வைத்து அடியிலிருந்து கட்டினார்கள். அது நன்றாக ஓடியது. பழக்கங்கள் இல்லாத புது ஆலையில் செய்ய முடிந்ததை, நாற்பது ஆண்டுப் பழக்கங்கள் ஊறிய பழைய ஆலைகளில் செய்வதற்கு மிக நீண்ட காலம் பிடித்தது. 2009 ஜூன் 1 அன்று ஜிஎம் திவால் மனு தாக்கல் செய்தது. அதே மாதம் நும்மியிலிருந்து விலகுவதாக அறிவித்தது.

கடைசி ஏப்ரல்

கூட்டாளி போனதும், செலவு கட்டுப்படியாகாது என்று டொயோட்டாவும் விலக முடிவெடுத்தது. ‘நீண்டகால இருப்புக்கு ஆபத்து’ என்ற அந்த விதிவிலக்கு 25 ஆண்டுகள் கழித்து உண்மையில் பயன்பட்டது. அதை முடிவு செய்தவர்கள் ஆலைக்கு வெளியே இருந்தார்கள். லைனில் கயிறு இழுத்து நிறுத்தக்கூடிய விஷயமாக அது இல்லை. 2010 ஏப்ரல் 1 அன்று கடைசிக் கரோலா வெளியேறியபோது அங்கே சுமார் 4,700 பேர் வேலை செய்தார்கள். மொத்தம் 80 லட்சத்தை ஒட்டிய வாகனங்கள் அந்த ஆலையிலிருந்து போயிருந்தன. தொழிலாளர்களுக்கான உதவித்தொகைக்கு டொயோட்டா 25 கோடி டாலர் ஒதுக்கியது. யூனியன் அதைப் போதாது என்றது.

அடுத்த மாதமே டெஸ்லா அந்தக் கட்டடத்தை 4.2 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2012 ஜூனில் மாடல் எஸ் கார்களைக் கொடுக்கத் தொடங்கியது. இம்முறை ஆலைக்குள் யூனியன் கிடையாது. கூரையும் இடமும் அதேதான் என்பதால் ஃப்ரீமாண்ட் இன்னொரு ஒப்பீட்டுக்கும் இடம் கொடுக்கிறது.